விற்றது எவ்வளவு, பயன்பட்டது எவ்வளவு: சுகாதாரத் திட்டங்களைக் கண்காணித்து மதிப்பிட ஒரு வழிகாட்டி

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் பரிந்துரைத்தன. கரைசல் உடலில் நீர் வற்றாமல் காக்கும். ஜிங்க் நோய் நீடிக்கும் நாட்களைக் குறைக்கும், அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதையும் ஓரளவு தடுக்கும். ஆனால் ஜிங்க்கை 10 முதல் 14 நாள் வரை விடாமல் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ பெரும்பாலும் சில நாட்களிலேயே நின்றுவிடும். குழந்தை எழுந்து விளையாட ஆரம்பித்த பிறகும் தினம் ஒரு மாத்திரை கொடுக்கும்படி பெற்றோரை எப்படி இணங்க வைப்பது?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் சமூகச் சந்தைப்படுத்தல். ஒரு நிறுவனம் தன் பொருளை விற்க, வாங்குபவரின் விருப்பம், தயக்கம், செலவு, வசதி எல்லாவற்றையும் படிக்கிறது. அதே முறையை மக்களின் நலனுக்காகப் பயன்படுத்தலாம் என்று 1971இல் ஃபிலிப் கோட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ஆணுறை, கொசுவலை, கை கழுவும் பழக்கம், புகையிலை ஒழிப்பு என்று பல திட்டங்கள் இந்த வழியில் நடந்திருக்கின்றன.

இப்படி ஒரு திட்டத்தைக் கண்காணித்து மதிப்பிடும் பொறுப்பு உங்களிடம் புதிதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய அறிக்கைகளைப் புரட்டினால் எத்தனை பொட்டலம் விற்றது, எத்தனை சுவரொட்டி ஒட்டப்பட்டது, விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பவைதான் பெரும்பாலும் இருக்கும். எண்ணுவதற்குச் சுலபமானவை என்பதால் அவை எண்ணப்படுகின்றன. தேவையான எண்கள்தான், ஆனால் குழந்தை பிழைப்பது அவற்றால் அல்ல. வீட்டுக்குள் பொட்டலம் பிரிக்கப்பட்டதா, சரியான அளவு நீரில் கலக்கப்பட்டதா, மாத்திரை பத்து நாளும் கொடுக்கப்பட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வங்கதேசத்தில் 2006இன் இறுதியில் ஜிங்க்குக்காக நாடு தழுவிய பிரச்சாரம் தொடங்கியது. சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நகரங்களில் குடிசைப் பகுதிகளுக்கு வெளியே வசித்த பெற்றோரில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு ஜிங்க் பற்றித் தெரிந்திருந்தது. ஆனால் அங்கே வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் சுமார் 25 சதவீதத்துக்குத்தான் அது கொடுக்கப்பட்டிருந்தது. கிராமங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தது பத்தில் ஒரு பங்குக்குத்தான். அறிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இத்தனை தூரம் இருப்பது வெளியே வந்தது எப்படி? அந்தத் திட்டம் ஆரம்பத்திலிருந்தே இரண்டையும் தனித்தனியாக அளந்தது. விற்பனைக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஜிங்க் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். கொசுவலைக்கும் கை கழுவுதலுக்கும் இதே முறைதான், சின்னச் சின்ன மாற்றங்களோடு.

யார், என்ன, எப்போது

முதல் வேலை: திட்டம் எதிர்பார்க்கும் நடத்தையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "வயிற்றுப்போக்கு பற்றிய விழிப்புணர்வை மேம்படுத்துதல்" என்று எழுதினால் அதை அளக்க வழியே இல்லை. "ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே பராமரிப்பவர் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும், ஜிங்க்கைத் தொடங்கி 10 நாள் முடிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். யார், என்ன, எப்போது, எத்தனை நாள் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இந்த வாக்கியத்தில் திட்ட மேலாளர், விளம்பரக் குழு, விநியோகக் குழு மூவரும் ஒத்துப்போகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இங்கே விட்ட குழப்பம் கடைசி அறிக்கை வரை கூடவே வரும்.

அப்புறம், அந்த நடத்தைக்குப் போய்ச் சேரும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். கடையில் மாத்திரை இருக்க வேண்டும். பெற்றோர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அது வேலை செய்யும் என்று நம்ப வேண்டும். வாங்க முடிய வேண்டும். கடைக்காரர் பத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தடுக்கக் கூடாது. கடைசியில் பத்து நாளும் கொடுக்கப்பட வேண்டும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குறிகாட்டி, அதாவது அது நடக்கிறதா என்று அளந்து காட்டும் ஓர் எண், போதும். மொத்தம் எட்டு, பத்துக்கு மேல் போனால் கவனம் சிதறும். நாற்பது குறிகாட்டி வைத்திருக்கும் திட்டங்களில் ஒன்றைக்கூட யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

குறிகாட்டி ஒவ்வொன்றுக்கும் தொகுதி (பின்னத்தின் மேல் எண்) எது, பகுதி (கீழ் எண்) எது என்று எழுதி வையுங்கள். "ஜிங்க் பயன்பாடு 30 சதவீதம்" என்றால் எதில் 30 சதவீதம்? எல்லாக் குழந்தைகளிலா, கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிலா, மாத்திரை வாங்கிய குடும்பங்களிலா? கீழ் எண் மாறினால் கதையே மாறிவிடும்.

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களில் சேர்ந்தால் "தம்பதி-ஆண்டுப் பாதுகாப்பு" என்ற அளவைச் சந்திப்பீர்கள். 120 ஆணுறைகள் விநியோகமானால் ஒரு தம்பதிக்கு ஓராண்டுப் பாதுகாப்பு என்று கணக்கிடுவார்கள். திட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். ஆனால் அது விநியோகத்திலிருந்து ஊகித்த எண். எந்த வீட்டிலும் போய் அளந்தது இல்லை. அதைப் பயன்பாட்டுக்கான சான்றாக அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

தொடங்கும் முன்பே ஒரு கணக்கெடுப்பு

களத்தில் பேஸ்லைன் என்று சொல்லப்படும் தொடக்கக் கணக்கெடுப்பு, முதல் விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிரச்சாரம் ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து எடுத்தால் அது தொடக்கநிலையைக் காட்டாது. நேரமில்லை என்று இதைத் தள்ளிப்போடச் சொல்லும் அழுத்தம் கட்டாயம் வரும். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் போன தேதியில் போய் அளக்க முடியாது.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? எவ்வளவு மாற்றத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 95 சதவீத நம்பகம் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம்தான்), 80 சதவீதத் திறன் (உண்மையில் மாற்றம் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) என்ற அளவுகளில், பயன்பாடு 30லிருந்து 40 சதவீதத்துக்கு ஏறியதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 356 பேர் தேவை. 30லிருந்து 35க்கு ஏறியதைக் கண்டுபிடிக்க சுமார் 1,376 பேர். எதிர்பார்க்கும் மாற்றத்தைப் பாதியாக்கினால் ஆட்கள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேண்டும். இதோடு முடியவில்லை. ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்கும்போது இந்த எண்ணை இரட்டிப்பாக்குவது பொது வழக்கம். 356 என்பது 712 ஆகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, புதியவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம். அந்த 712 பேரும் கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகள். பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வந்திருக்கும் என்றால், 712 பேரைக் கண்டுபிடிக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் நிதி கேட்டால், கணக்கெடுப்பு பாதியில் நிற்கும். திட்ட நிதியில் 5 முதல் 10 சதவீதத்தைக் கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்குங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறிய திட்டங்களுக்கு அது போதாமல் போகலாம். அப்படியானால் கேள்விகளைக் குறையுங்கள், மாதிரியைக் குறைக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். எனவே தொடக்கக் கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடந்ததோ, இறுதிக் கணக்கெடுப்பும் அதே மாதத்தில் நடக்க வேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் உண்மை வரும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். மோசமான கேள்வியிலிருந்து நல்ல எண் வரவே வராது.

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஜிங்க் கொடுப்பீர்களா?" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் "ஆமாம்" என்பார்கள். எது சரியான பதில் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. கடைசியாக நடந்ததைக் கேளுங்கள்: "கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததா? எப்போது தொடங்கியது? அப்போது என்னென்ன கொடுத்தீர்கள்? வேறு ஏதாவது?" பட்டியலை வாசிக்காமல் அவர்களாகச் சொல்வதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் பொட்டலங்களையும் மாத்திரை அட்டைகளையும் காட்டி, இவற்றில் எதையாவது கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். மருந்தின் பெயர் நினைவில்லாதவர்களுக்கும் அட்டையின் நிறம் நினைவிருக்கும்.

பத்து நாள் முடித்தார்களா என்பதை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோய் ஐந்து நாள் முன்பு தொடங்கியிருந்தால் மாத்திரை இன்னும் முடிந்திருக்க முடியாது. அவர்களையும் "முடிக்கவில்லை" கணக்கில் சேர்த்தால் திட்டம் உண்மையைவிட மோசமாகத் தெரியும். ஜிங்க் ஆரம்பித்து பத்து நாளுக்கு மேல் ஆனவர்களை மட்டும் இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மற்ற வீடுகளுக்கு இன்னொரு முறை போங்கள். மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி, மீதியை எண்ணிப் பார்ப்பது வெறும் வாய்வார்த்தையைவிட நம்பகமானது.

சில நடத்தைகளைக் கேட்டே அறிய முடியாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதாகச் சொல்பவர்கள் எப்போதும் அதிகம், உண்மையில் கழுவுபவர்கள் குறைவு. வீட்டில் உட்கார்ந்து கவனித்தால் விடை கிடைக்கும் என்று தோன்றும். அதிலும் ஓரளவுதான் உண்மை. வங்கதேசத்தில் ஓர் ஆய்வில் சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். கவனிப்பவர் வீட்டில் இருந்த நேரத்தில் சோப்பின் அசைவு சராசரியாக 35 சதவீதம் அதிகரித்திருந்தது. இதனால் நேரடிக் கவனிப்பு வீண் என்று ஆகிவிடாது. எதற்காக வந்திருக்கிறோம் என்பதைப் பொதுவாகச் சொல்லுங்கள். ஒரே முறையை முன்னும் பின்னும், திட்டம் நடந்த பகுதியிலும் நடக்காத பகுதியிலும் பயன்படுத்துங்கள். பிழை இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், வித்தியாசத்தை நம்பலாம்.

பிரச்சாரத்தைப் பார்த்தார்களா என்று கேட்கும்போது மூன்று படி வையுங்கள். முதலில், "வயிற்றுப்போக்கு பற்றி சமீபத்தில் ஏதாவது கேட்டீர்களா, பார்த்தீர்களா?" என்று பொதுவாக. அடுத்து, உங்கள் சுவரொட்டியைக் காட்டி. மூன்றாவதாக, எங்கேயும் ஒட்டப்படாத ஒரு போலிச் சுவரொட்டியைக் காட்டி. போலியைப் பார்த்ததாக எத்தனை பேர் சொல்கிறார்களோ, அவ்வளவு மிகை உங்கள் உண்மையான எண்ணிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வித்தாளைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன், இலக்கு மக்களில் சிலரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். கணக்கெடுக்கப் போகும் வீட்டில் கண்கள் குழிவிழுந்து, குடிக்க முடியாமல், அசந்து கிடக்கும் குழந்தையைப் பார்க்க நேரலாம், அல்லது மலத்தில் இரத்தம் போவதாகத் தாய் சொல்லலாம். அந்த நொடியே கேள்விகளை நிறுத்திவிட்டு அந்தக் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். யாரை அழைப்பது, எப்படிப் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து ஒவ்வொரு களப்பணியாளருக்கும் சொல்லிவிடுங்கள். ஒப்புதல் பெறுவது, பெயர் விவரங்களைப் பூட்டி வைப்பது, அறநெறிக் குழுவின் அனுமதி எல்லாம் இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

திட்டம் ஓடும்போது

கண்காணிப்பு என்பது திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திக்கொள்வதற்கு. மாதாமாதம் பார்க்க வேண்டியவை மூன்று: பொருள் கிடைக்கிறதா, செய்தி போய்ச் சேருகிறதா, நடத்தை அசைகிறதா.

விற்பனை எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. மொத்த விற்பனையாளருக்குப் போனதைத்தான் பல திட்டங்கள் "விற்பனை" என்று பதிவு செய்கின்றன. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காகச் சரக்கைத் தள்ளிவிட்டால் எண் உயரும், பொட்டலம் கிடங்கில் தூங்கும். அதனால் மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சில கடைகளுக்கு நேரில் போய் இன்று இருப்பு இருக்கிறதா, கடந்த மாதம் எத்தனை நாள் இல்லாமல் போனது என்று பாருங்கள். காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதை அறிய, பயிற்சி பெற்ற ஒருவரை வாடிக்கையாளர் போல அனுப்பலாம். பத்து மாத்திரையும் கொடுத்தாரா, பத்து நாள் கொடுக்கச் சொன்னாரா, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக்கைத் திணித்தாரா? இதில் எந்தக் கடைக்காரரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பயிற்சியில் எங்கே ஓட்டை என்று அறிவதுதான் நோக்கம்.

நடத்தையைப் பார்க்க, மாதிரித் தொகுதித் தர உறுதி முறை (ஆங்கிலத்தில் LQAS) என்று ஒன்று உண்டு. தொழிற்சாலைகளில் சரக்கின் தரத்தைச் சோதிக்க 1920களில் உருவான முறை, பின்னாளில் சுகாதாரத்துக்கு வந்தது. ஒவ்வொரு மேற்பார்வைப் பகுதியிலும் குலுக்கல் முறையில் 19 பேரைத் தேர்ந்தெடுங்கள். இலக்கு 80 சதவீதம் என்றால், 19 பேரில் குறைந்தது 13 பேராவது அந்த நடத்தையைச் செய்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். துல்லியமான சதவீதத்தை இது தராது. எந்தப் பகுதிக்கு உடனே உதவி தேவை என்று சொல்லிவிடும். ஒரு மேற்பார்வையாளர் தானே செய்துவிடக்கூடிய வேலை, அதனால் எனக்கு இந்த முறை மீது மிகுந்த மதிப்பு உண்டு.

களத்திலிருந்து வரும் தரவில் 5 முதல் 10 சதவீத வீடுகளுக்கு வேறொருவர் மறுபடி போய்ச் சில கேள்விகளைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நேர்காணல் எவ்வளவு நேரம் நடந்தது என்பதையும் கைபேசிச் செயலியில் பாருங்கள்.

எண் எந்த அளவைத் தொட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். "பார்த்த கடைகளில் ஐந்தில் ஒன்றில் தொடர்ந்து இரண்டு மாதம் இருப்பு இல்லையென்றால், விளம்பரத்தை நிறுத்திவிட்டு விநியோகத்தைச் சரிசெய்வோம்" என்பது போல. விளம்பரத்தைக் கேட்டு ஆசையாகக் கடைக்கு வந்த தாய் வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த முறை அவரை வரவைப்பது பல மடங்கு கடினம்.

மாற்றம் திட்டத்தால் வந்ததா?

தொடக்கத்தில் 12 சதவீதம், இறுதியில் 31 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த 19 புள்ளியும் திட்டத்தால் வந்தது என்று உடனே எழுதிவிட முடியாது. அதே காலத்தில் அரசு மருத்துவமனைகள் ஜிங்க்கை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம், வேறொரு நிறுவனம் வந்திருக்கலாம். திட்டம் நடக்காத, மற்ற விதங்களில் ஒத்த ஒரு பகுதியையும் அளந்து, இரண்டின் மாற்றத்தையும் ஒப்பிட வேண்டும். அங்கேயும் 10 புள்ளி ஏறியிருந்தால் உங்கள் பங்கு சுமார் 9.

ஊர்களைக் குலுக்கிப் பிரித்தால் ஒப்பீடு இன்னும் வலுவாகும். ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த "சூப்பர் அம்மா" கை கழுவும் பிரச்சாரம் இதற்கு நல்ல உதாரணம். 14 கிராமங்களைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். கிருமி, நோய் என்று பயமுறுத்தாமல், பிள்ளையை நன்றாக வளர்க்கும் தாயின் பெருமை, அருவருப்பு போன்ற உணர்வுகளைத் தொட்டது பிரச்சாரம். முக்கியமான தருணங்களில் சோப்புப் போட்டுக் கழுவுவதை வீடுகளில் நேரடியாகக் கவனித்தார்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் 1, 2 சதவீதம்தான். ஆறு மாதம் கழித்துப் பிரச்சாரம் நடந்த ஊர்களில் 37 சதவீதம், மற்ற ஊர்களில் 6 சதவீதம். 2014இல் வெளியான இந்த முடிவை நம்ப முடிவதற்குக் காரணம், ஒப்பிட அந்த 6 சதவீதம் இருந்ததுதான். ஒப்பீட்டு ஊர்களுக்கும் பின்னர் பிரச்சாரத்தின் சுருக்கமான வடிவம் கொண்டுசெல்லப்பட்டது. படிப்படியாக விரிவாக்கும் திட்டம் எதிலும் இதைச் செய்யலாம்: கடைசியில் சேரப்போகும் பகுதி முதலில் ஒப்பீட்டுப் பகுதி.

நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகும் விளம்பரத்துக்கு ஒப்பீட்டுப் பகுதி கிடைக்காது. அப்போது அதிகம் பார்த்தவர்களையும் குறைவாகப் பார்த்தவர்களையும் ஒப்பிடுவார்கள். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை, ஏனென்றால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் விளம்பரத்தைக் கவனித்து நினைவில் வைப்பார்கள். கல்வி, வருமானம், ஊடகப் பழக்கம் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் நிற்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய இளைஞர் போதைப்பொருள் எதிர்ப்பு ஊடகப் பிரச்சாரத்துக்கு 2004 வரை ஏறத்தாழ நூறு கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இளைஞர்களில் மிகப் பெரும்பாலானோர் விளம்பரங்களைப் பார்த்திருந்தார்கள். ஆனால் கஞ்சா பயன்பாடு அதனால் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதிகம் பார்த்தவர்களில் சிலரிடம், கஞ்சாவை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் போலும் என்ற எண்ணம் கூடியதற்கான அறிகுறிகள்கூட இருந்தன. ஆகவே தீமை விளைந்ததா என்பதையும் கேள்வியாக வையுங்கள். நம் உதாரணத்தில், ஜிங்க் வந்த பிறகு ஓ.ஆர்.எஸ். கொடுப்பது குறைந்ததா? மாத்திரை கிடைத்துவிட்டது என்று ஆபத்தான நிலையிலும் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தார்களா?

இன்னும் இரண்டு கேள்விகள். உங்கள் மானிய விலைப் பொருள் புதியவர்களைச் சேர்த்ததா, ஏற்கெனவே வேறு பிராண்டை வாங்கிக்கொண்டிருந்தவர்களை இழுத்துக்கொண்டதா? சந்தையின் மொத்த அளவைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது? குடும்பங்களை வசதி வாரியாக ஐந்தாகப் பிரித்து, கடைசிப் பிரிவில் என்ன மாற்றம் என்று தனியாக எழுதுங்கள். மேலே 60, கீழே 8 என்று இருந்தாலும் சராசரி அழகாகத்தான் தெரியும். நோயால் அதிகம் சாகும் குழந்தைகள் அந்தக் கடைசிப் பிரிவில்தான் இருக்கிறார்கள்.

எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று அறிய, மாத்திரையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவர்களோடும் முழுதாக முடித்தவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். கேள்வித்தாளில் எழுதத் தோன்றாத காரணங்கள் அங்கேதான் வரும்: மாத்திரையைக் கரைத்துக் கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்திருக்கும், மாமியார் வேண்டாம் என்றிருப்பார், மீதியை அடுத்த முறைக்கு எடுத்து வைத்திருப்பார்கள்.

அறிக்கைக்குப் பின்

முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் அப்படியே எழுதுங்கள். மாதிரி அளவு, பதில் தராதவர்களின் விகிதம், முன்கூட்டியே தீர்மானித்த குறிகாட்டிகள் எவை, பின்னால் சேர்த்தவை எவை என்ற விவரங்களும் வேண்டும். நன்றாக வந்த எண்களை மட்டும் பொறுக்கி எழுதினால் அடுத்த திட்டம் அதே குழியில் விழும், அதன் விலையைக் கொடுப்பது குழந்தைகள்.

முழு அறிக்கை நிதி கொடுத்தவருக்குப் போகும் முன்பே, இரண்டு பக்கச் சுருக்கம் களப்பணியாளர்களுக்கும் கணக்கெடுப்பு நடந்த ஊர்களுக்கும் போக வேண்டும். அவர்கள் நேரம் கொடுத்துச் சொன்ன தகவல் அது. எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை விளக்கவும் அவர்களால்தான் முடியும். கேள்வித்தாள், ஊர்களைத் தேர்ந்தெடுத்த முறை, பெயர்கள் நீக்கப்பட்ட தரவு, குறிகாட்டிகளின் விளக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, உங்களுக்குப் பின் அந்த வேலைக்கு வருபவருக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். மூன்று ஆண்டு கழித்து அவர் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டால்தான் இரண்டு எண்களையும் அருகருகே வைக்க முடியும்.